நூற்றுக்கு எவ்வளவு?

திண்டுக்கல் நீதிமன்றத்தில் நடக்கும் எந்த விபத்து இழப்பீட்டு வழக்கிலும் இரண்டு சதவீதங்கள் உண்டு. ஒன்று டாக்டர் எழுதித் தருவது: வலது காலில் ஊனம் முப்பது சதவீதம், முதுகெலும்பில் நாற்பது சதவீதம். அது சான்றிதழில் வரும், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீலிடம் அடிபடும், தீர்ப்பிலும் நிற்கும். இன்னொன்று, கிடைக்கப்போகும் பணத்தில் வக்கீலுக்கு எவ்வளவு என்பது. இது எந்தக் காகிதத்திலும் இருக்காது. கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும், பல நேரங்களில் இருவருக்கும் நடுவில் நிற்கும் ஒரு தரகருக்கும் மட்டும் தெரிந்த கணக்கு அது.

இந்த இரண்டாவது சதவீதத்தைப் பற்றிப் பொதுவில் பேசுவதில்லை. பேசினால் வக்கீல்களைக் குறை சொல்வதாகிவிடும், அல்லது கட்சிக்காரர்களை ஏமாளிகள் என்று சொல்வதாகிவிடும். ஆனால் வேலையிலோ சாலையிலோ கையையும் காலையும் இழந்த ஒருவருக்கு வக்கீல் கிடைப்பாரா என்பதை அவருடைய ஊனத்தின் கடுமை தீர்மானிப்பதில்லை. அந்த வக்கீலுக்குக் கூலி எந்தப் பையிலிருந்து, எந்த வடிவத்தில் வரும் என்பதுதான் தீர்மானிக்கிறது. திண்டுக்கல் நகரத்தையும் சுற்றியுள்ள சமவெளியையும் வைத்துப் பார்த்தால் இது நன்றாகவே தெரியும்.

முதலில் சட்டம். இந்திய பார் கவுன்சில் விதிகளில், வழக்கறிஞரின் ஒழுக்க நெறிகளைச் சொல்லும் பகுதியில், 20-ஆவது விதி இதைத் தடுக்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கக் கூடாது. இது புதிய கருத்து அல்ல. பம்பாய் வழக்கறிஞர் ஒருவர், வசூலாகும் தொகையில் பாதி தனக்கு என்று கட்சிக்காரரோடு ஒப்பந்தம் போட்டார். 1954-இல் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளியாள் ஒருவர் இப்படி ஒப்பந்தம் செய்தால் இந்தியச் சட்டப்படி அது குற்றமாகிவிடாது, வழக்கறிஞர் செய்தால் தொழில் ஒழுக்கக் கேடு என்று நீதிமன்றம் சொன்னது. வழக்கில் பங்காளியாகிவிட்டவர் நீதிமன்றத்துக்கு உண்மையாக இருக்க மாட்டார் என்பது அதன் அடிப்படை.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே கேள்வி ஒரு விபத்து வழக்கிலிருந்தே கிளம்பியது. ஆந்திராவில் 1998-இல் சாலை விபத்தில் கணவரை இழந்த பெண் ஒருவர் இழப்பீடு பெற்றார். வக்கீலுக்கு ஏற்கெனவே 10 லட்சம் கொடுத்துவிட்டதாகவும், கணக்கில் பணமில்லை என்று சொல்லியும் மேலும் 3 லட்சத்துக்குக் காசோலையில் கையெழுத்து வாங்கப்பட்டதாகவும் அவர் சொன்னார். காசோலை திரும்பியது, வக்கீல் அவர் மீதே காசோலை மோசடி வழக்குப் போட்டார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. தீர்ப்புத் தொகையில் சதவீதம் கேட்பது பொதுநலக் கொள்கைக்கே விரோதம், அந்த அடிப்படையில் பணம் கேட்டு வழக்குத் தொடர முடியாது என்றது. வக்கீல் கட்டணத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் கொண்டுவருவதைப் பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்றும் எழுதியது. அப்படி ஒரு சட்டம் இன்றுவரை வரவில்லை.

ஆக, சட்டத்தில் குழப்பம் எதுவும் கிடையாது. நடைமுறைதான் வேறு.

வேடசந்தூர் பக்கம் நான்கு வழிச்சாலையில் இருசக்கர வண்டியில் போன ஒருவரை லாரி இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 108 வந்து திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறது. காயம் பலமாக இருந்தால் அங்கிருந்து மதுரைக்கு. காயம்பட்டவர் கண் விழிப்பதற்குள் குடும்பத்தாரிடம் யாராவது பேசியிருப்பார். ‘கையில இருந்து பத்துப் பைசா எடுக்க வேண்டாம். எப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரிப் பேப்பர் எல்லாம் நாங்களே வாங்கிக்குவோம். பணம் வந்த பிறகு பாத்துக்கலாம்.’ இந்த மூன்று வாக்கியங்களில் முதலாவதும் கடைசியும்தான் வக்கீல் கட்டண ஒப்பந்தம். வக்காலத்தில் கையெழுத்தாகிறது. கூடவே சில வெற்றுத் தாள்களிலும் ஆகலாம். மாவட்டத்தில் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு, அதாவது எம்.சி.ஓ.பி., பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

இதை ஏமாற்று வேலை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காலொடிந்து படுத்திருக்கும் கட்டடத் தொழிலாளியிடம் முன்பணம் எங்கே இருக்கும்? மனு தட்டச்சுச் செலவு, சம்மன் செலவு, காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் நகல் வாங்கும் செலவு, சாட்சி சொல்ல வரும் டாக்டருக்கான செலவு என எல்லாவற்றையும் மூன்று நான்கு வருஷம் கையிலிருந்து போடுகிறவர் வக்கீல். வழக்குத் தோற்றால், எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் போனால், எல்லாம் போச்சு. வங்கி எதுவும் இந்த வழக்கை நம்பிக் கடன் தராது. அந்தக் கடனை வக்கீல் தருகிறார். வட்டியைச் சதவீதமாக எடுத்துக்கொள்கிறார். எதிர்த்தரப்பில் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பேனல் வக்கீலுக்கு வென்றாலும் தோற்றாலும் வழக்குக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணம் உண்டு. அவருக்குச் சம்பளதாரரின் நிம்மதி, இவருக்குச் சூதாடியின் பதற்றம்.

உழைக்கும் வக்கீலுக்கும் உழைக்காத வக்கீலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு கணக்கில் காட்டலாம். முப்பது வயது லாரி டிரைவர், மாத வருமானம் 15,000 ரூபாய், காலில் முப்பது சதவீத ஊனம். சதவீதத்துக்கு இவ்வளவு என்று பெருக்குவது தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களின் பழைய பழக்கம். முன்பு சதவீதத்துக்கு 2,000, 3,000 என்று போட்டார்கள், பிறகு 5,000 வரை வந்தது. அந்தக் கணக்கில் 1,50,000 ரூபாய். ஆனால் 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழி காட்டியது. உடம்பில் எத்தனை சதவீதம் என்பதோடு நிற்கக் கூடாது. அந்த ஊனத்தால் அந்த ஆள் செய்துவந்த வேலையில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று பார்க்க வேண்டும். கிளட்சை மிதிக்க முடியாத டிரைவருக்கு முப்பது சதவீதக் கால் ஊனம் என்பது முழுப் பிழைப்பே போனதாகக்கூட இருக்கலாம். முப்பது சதவீத வருமான இழப்பு என்று மட்டும் நிரூபித்தால்கூட, ஆண்டு வருமானம் 1,80,000, முப்பது வயதுக்குப் பெருக்கு எண் 17, ஆக 9,18,000 ரூபாய். எதிர்கால வருமான உயர்வுக்காக நாற்பது சதவீதம் சேர்த்தால் 12,85,200. ஒன்றரை லட்சத்துக்கும் பன்னிரண்டே முக்கால் லட்சத்துக்கும் நடுவே இருப்பது, லைசென்ஸையும் முதலாளியின் சாட்சியத்தையும் டாக்டரையும் கூண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திய வக்கீலின் உழைப்பு. சதவீதத்தில் கூலி வாங்குகிறவருக்கு அந்த உழைப்பில் ஒரு ஈடுபாடு வரும் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அதே ஈடுபாடு எதிர்ப்பக்கமும் இழுக்கும். மக்கள் நீதிமன்றத்தில் இன்சூரன்ஸ் தரப்பு 6 லட்சம் தருகிறோம் என்கிறது. தீர்ப்பு வரை போய், மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையையும் பார்த்துவிட்டு வந்தால் 8 லட்சம் கிடைக்கலாம். வக்கீல் பேசியது நூற்றுக்குப் பதினைந்து என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இன்று 90,000. மூன்று வருஷ வேலைக்குப் பிறகு 1,20,000. அந்த 30,000-க்காக யார் மூன்று வருஷம் இழுத்தடிப்பார்கள்? கட்சிக்காரருக்கோ வித்தியாசம் 1,70,000. கையில் வருவது வரட்டும் என்று நினைக்கிற கட்சிக்காரரும் உண்டு, அவசரம் அவருக்கு. ஆனாலும், ‘முடிச்சுக்கங்க, இதுக்கு மேல வராது’ என்று வக்கீல் சொல்லும்போது அது யாருடைய கணக்கு என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

டாக்டரின் சதவீதத்தையும் வக்கீலின் சதவீதமே ஊதிப் பெரிதாக்குகிறது. சிகிச்சையே அளிக்காத டாக்டர்கள், கேட்டவுடன் தாராளமாக எழுதித் தரும் ஊனச் சான்றிதழ்களைத் தீர்ப்பாயங்கள் அப்படியே ஏற்கக் கூடாது என்று அதே ராஜ்குமார் தீர்ப்பு எச்சரித்தது. தேவைப்பட்டால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றது. முற்றிப்போனால் இது எங்கே போய் நிற்கும் என்பதற்கு உத்தரப்பிரதேசம் சாட்சி. பொய் விபத்து வழக்குகள் தொடர்பாக 2021-இல் இந்திய பார் கவுன்சில் அந்த மாநிலத்தின் 28 வழக்கறிஞர்களை இடைநீக்கம் செய்தது.

அரசு பஸ் மோதிய வழக்குகள் தனி ரகம். போக்குவரத்துக் கழக பஸ்களுக்கு வெளி இன்சூரன்ஸ் இல்லை. கழகமே கட்ட வேண்டும். தீர்ப்பு வந்தபின்னும் பணம் வராமல் நிறைவேற்று மனு போட்டு, கடைசியில் அமீனா வந்து பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை ஜப்தி செய்வதைத் தமிழ்நாட்டில் பார்க்காத ஊர் குறைவு. பயணிகள் இறங்கிப் பெட்டியோடு நிற்க, கண்டக்டர் டெப்போவுக்கு போன் போட, சில நாட்களில் பணம் வந்துவிடும். இந்தக் கடைசிக் கட்டம் வரை விடாமல் துரத்துவது சதவீதம் பேசிய வக்கீல்தான். முன்கூட்டியே முழுக் கட்டணத்தை வாங்கிவிட்ட ஒருவர் அவ்வளவு தூரம் ஓடுவாரா என்பது எனக்குச் சந்தேகம்.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் நீதிமன்றங்கள் உருப்படியாக ஏதாவது செய்திருக்கின்றன. 1993-இல் சூசம்மா தாமஸ் வழக்கில், படிப்பறிவில்லாத, எளிய மனுதாரர்களின் பணத்தை வங்கியில் நீண்ட கால வைப்பில் போட்டு வட்டியை மட்டும் எடுக்கவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் வழி வகுத்தது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் இழப்பீட்டை மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பச் சொன்னது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் வலியுறுத்தியது. அதற்கு முன்பெல்லாம் காசோலை வாங்கப் போகும் நாளில் வக்கீலின் குமாஸ்தாவும் கூட வருவார், வங்கி வாசலிலேயே கணக்குத் தீரும். இப்போது பணம் கிராமத்துக் கிளையில் போய் விழுகிறது. இது கட்சிக்காரருக்குப் பெரிய பலம்தான். ஆனால் சதவீதம் ஒழியவில்லை, அதற்கான பிணை மட்டும் மாறியது. பின்தேதி இட்ட காசோலை, கையெழுத்து வாங்கிய வெற்றுத்தாள், சில இடங்களில் பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும். ஆந்திரப் பெண்ணின் 3 லட்ச ரூபாய்க் காசோலையும் இந்த வகைதான்.

ஒன்று கட்சிக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டண பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. ‘கட்டைத் தர மாட்டேன்’ என்ற மிரட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை.

இதுவரை பார்த்த விபத்துத் தீர்ப்பாயம் முதல் வாசல். இனி இரண்டாவது வாசல்: தொழிலாளர் துறை. வேலையில் அடிபட்டவருக்கு 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பிடித்திருக்கிறது, கணக்கு முறை பெரும்பாலும் அப்படியே. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் மரம் அறுக்கும் பட்டறை ஒன்றில் முப்பது வயதுக்காரர் ஒருவரின் கட்டை விரல் முழுதாகப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்வோம். அட்டவணையில் கட்டை விரலுக்கு 30 சதவீதம் என்று எழுதியே இருக்கிறது. கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு 2020 முதல் உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 18,71,820. அதில் முப்பது சதவீதம் 5,61,546 ரூபாய். விரல் போனதும், வயதும், சம்பளமும் நிரூபணமானால் போதும். பள்ளிக்கூடக் கால்குலேட்டரில் முடியும் வேலை.

இதற்குப் போய் ஐந்தில் ஒரு பங்கோ ஆறில் ஒரு பங்கோ கொடுப்பது அநியாயம் என்று 1923 சட்டத்தை எழுதியவர்களுக்கே பட்டிருக்க வேண்டும். 9-ஆவது பிரிவு, இழப்பீட்டுத் தொகையை யாருக்கும் எழுதிக் கொடுக்கவோ அடமானம் வைக்கவோ ஜப்தி செய்யவோ முடியாது என்று வேலி கட்டியது. 24-ஆவது பிரிவு, தொழிலாளிக்காக வக்கீல்தான் வர வேண்டும் என்றில்லை, பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியும் ஆஜராகலாம் என்றது. சங்கம் வலுவாக இருந்த தொழில்களில் இது நடந்தும் இருக்கிறது. சங்க அலுவலகத்தில் சந்தா கட்டியவருக்கு வழக்கு நடத்திக் கொடுப்பது சங்கத்தின் வேலைகளில் ஒன்று. ஆனால் இன்று அடிபடுகிறவர்கள் யார்? ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், நிலக்கோட்டைக்குப் பூ ஏற்றிப்போகும் குட்டி யானையின் கிளீனர், கிணறு தோண்டுகிறவர், நாகல்நகரின் சின்னப் பூட்டுப் பட்டறைக்காரர். சங்கத்தின் வாடையே படாதவர்கள். அவர்களுக்கு முதலாளி யார் என்று நிரூபிப்பதே முதல் வழக்கு. சம்பள ரசீது கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. கால்குலேட்டர் வேலை சாட்சி தேடும் வேலையாகிவிடுகிறது, அதற்கு வக்கீல் வேண்டியிருக்கிறது, வக்கீல் வந்தால் சதவீதமும் வருகிறது. ஒரு மாதத்துக்குள் தராத பணத்துக்கு 12 சதவீத வட்டி, காரணமில்லாத தாமதத்துக்குப் பாதி அளவு வரை அபராதம் என்று சட்டம் முதலாளியை உறுத்தியது. அதைக் கேட்டு வாங்குகிற ஆள் இருந்தால்தானே உறுத்தும்.

மூன்றாவது வாசலில் கூட்டமே இல்லை. வேடசந்தூர் சுற்றுவட்டாரத்து நூல் மில்களில் அடிபடும் பெண்ணுக்கு மேலே சொன்ன இரண்டு வழியும் கிடையாது. மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர் ஈ.எஸ்.ஐ.க்குள் வருவதால், வேலையில் பட்ட அடிக்கு வேறு சட்டத்தில் இழப்பீடு கேட்க முடியாது. ஈ.எஸ்.ஐ. தருவது மொத்தத் தொகை அல்ல, மாதாமாதம் ஊனப் பென்ஷன். இயந்திரத்தில் நசுங்கி விறைத்துப்போன ஒரு கையை மருத்துவ வாரியம் 20 சதவீதம் என்கிறது. நியாயமாக 30 சதவீதம் தந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் சம்பளம் 500 என்றால் அதில் 90 சதவீதம் 450. முப்பது சதவீதத்துக்கு மாதம் 4,050, இருபதுக்கு 2,700. வித்தியாசம் மாதம் 1,350 ரூபாய். ஏதோ சின்னத் தொகை போலத் தோன்றும். முப்பது வயதுப் பெண் அறுபத்தைந்து வரை வாழ்ந்தால் 5,67,000 ரூபாய். மரப் பட்டறைத் தொழிலாளி தன் கட்டை விரலுக்கு வாங்கியதைவிடக் கொஞ்சம் அதிகம்.

இந்தப் பத்து சதவீதத்தை எதிர்த்து மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ ஈ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கோ போகலாம். போகிறவர் அபூர்வம். மாதம் 1,350 ரூபாயில் எந்த வக்கீல் எந்தப் பங்கை எடுத்துக்கொள்வார்? முப்பத்தைந்து வருஷம் மாதாமாதம் வந்து வாங்கிக்கொள்வாரா? ஏறத்தாழ ஒரே பணம். மொத்தமாக வந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே தரகர் வருகிறார். துளித்துளியாக வந்தால் தேடிப் போனாலும் ஆள் கிடைப்பதில்லை. என் பார்வையில் இந்த விஷயத்தின் முடிச்சே இதுதான்.

இதே முடிச்சு வேறு இடங்களிலும் தென்படும். அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியால் பலத்த காயம்பட்டவருக்கு 2022 ஏப்ரல் முதல் 50,000 ரூபாய், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் என்று அரசுத் திட்டம் இருக்கிறது. வருவாய்த் துறையில் மனு கொடுத்தால் போதும், வக்கீல் தேவையில்லை. தொகை குறைவு, தரகருக்கு ஆர்வமில்லை, ஆகவே சொல்லவும் ஆளில்லை. இப்படியான விபத்துகளின் எண்ணிக்கைக்கு முன்னால் மனுக்கள் மிகக் குறைவாக வருகின்றன என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே கவலைப்பட்டு, பாதிக்கப்பட்டவரிடம் இந்தத் திட்டத்தைப் போலீசார் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. மாற்றுத்திறனாளி உதவித்தொகையும் அப்படியே. 1,500, கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு 2,000 என்று மாதாமாதம் வரும் தொகை. அதற்கான மனு மறுக்கப்பட்டால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக வரிசையில் நிற்பதுதான் மேல்முறையீடு. அங்கே மனு எழுதித் தருகிறவர் வாங்கும் காசுதான் வக்கீல் பீஸ்.

கூலியை எப்படி நிர்ணயிக்கிறோமோ அதற்கேற்ப வக்கீல்கள் வருவார்கள், போவார்கள் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல பாடம் இருக்கிறது. அங்கே உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், காயம்பட்ட படைவீரர்களின் பென்ஷனில் தரகர்கள் கைவைக்கக் கூடாது என்று 1864-இல் வக்கீல் கட்டணத்துக்கு 10 டாலர் என்று வரம்பு போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பத்து டாலர் 1988 வரை பத்து டாலராகவே இருந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு யார் வழக்கு எடுப்பார்கள்? ஊனமுற்ற படைவீரர்கள் நூறாண்டுக்கு மேல் பெரும்பாலும் வக்கீல் இல்லாமல்தான் அரசோடு மல்லுக்கட்டினார்கள்.

அதே நாட்டில் சமூகப் பாதுகாப்புத் துறையின் ஊனப் பென்ஷனுக்கு வேறு ஏற்பாடு. பென்ஷன் மறுக்கப்பட்டு, வாதாடி, கடைசியில் கிடைக்கும்போது பல மாத நிலுவை ஒன்றாகச் சேர்ந்து வரும். வழக்கமான ஒப்பந்தத்தில் அந்த நிலுவையில் 25 சதவீதம் அல்லது ஒரு குறிப்பிட்ட உச்சவரம்பு, எது குறைவோ அதுதான் வக்கீலுக்கு. வரம்பு 1991-இல் 4,000 டாலராக இருந்தது, 2024 நவம்பர் இறுதியில் 9,200 டாலர் ஆனது. அரசு அலுவலகமே அதைப் பிடித்து வக்கீலுக்கு அனுப்பிவிடும். இனி வரப்போகும் மாதப் பென்ஷனில் ஒரு காசும் அவருக்குக் கிடையாது. மாதத் தொகை என்பதால் ஆள் கிடைக்கவில்லை என்று நம் ஈ.எஸ்.ஐ.யில் பார்த்தோமே, அதற்கு இங்கே ஒரு விடை இருக்கிறது. இதிலும் ஓட்டை உண்டு. வழக்கு நீள நீள நிலுவை ஏறும், வரம்பைத் தொடும்வரை வக்கீல் பங்கும் ஏறும். தாமதத்தில் அவருக்கு நஷ்டமில்லை. இங்கிலாந்தில் 2013 முதல், காயவழக்கில் வெற்றிக் கட்டணம் இழப்பீட்டின் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எதிர்கால இழப்புக்காகத் தரப்படும் பகுதியை அந்தக் கணக்கில் சேர்க்கவும் கூடாது. ஆயுள் முழுக்க ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியவரின் பராமரிப்புப் பணத்தை வக்கீல் தொடாமல் இருக்க இது நல்ல வழி.

நம்மிடம் வரம்பும் இல்லை, வெளிச்சமும் இல்லை. தடை மட்டும் இருக்கிறது. பங்கு கேட்பதே தவறு என்றபின், எவ்வளவு பங்கு நியாயம் என்று பேச யாருக்கும் வாய் இல்லை. பதினைந்து வாங்குகிறவரும் நாற்பது வாங்குகிறவரும் சட்டத்தின் முன் ஒரே குற்றம் செய்தவர்கள். அதனால் நாற்பது வாங்குகிறவரைத் தனியாகப் பிடிக்க வழியில்லை. புகார் கொடுக்கும் கட்சிக்காரரிடமோ காட்ட ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. வெளியாள் பணம் போட்டு வழக்கு நடத்தி முடிவில் பங்கு வாங்க இந்தியாவில் தடையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது இன்னும் வேடிக்கை. படித்துப் பதிவு செய்து, ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆட்பட்ட வக்கீல் வாங்கக் கூடாது. எதற்கும் கட்டுப்படாத பணக்காரர் வாங்கலாம். வழக்குப் பிடித்துக் கொடுக்கும் தரகர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து வெளியிடும் அதிகாரத்தை 2024 செப்டம்பர் 30 முதல் வழக்கறிஞர் சட்டத் திருத்தம் உயர் நீதிமன்றங்களுக்கும் மாவட்ட நீதிபதிகளுக்கும் தந்திருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தும் தரகு பார்த்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐந்நூறு ரூபாய்!

தடையை எடுத்துவிட்டுச் சந்தைக்கு விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 1954-இல் சொன்ன பயம் உண்மையானது. உத்தரப்பிரதேசத்தில் அது நடந்தே காட்டியது. ஆனால் நடுவழி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தீர்ப்பாயத்தின் உத்தரவில் இப்போதே செலவுத் தொகைக்குக் கீழே வக்கீல் கட்டணம் என்று ஒரு வரி வருகிறது. தமிழ்நாட்டில் அதற்கு 1973-ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. எதிர்த்தரப்பு தர வேண்டிய அந்தத் தொகைக்கும் வக்கீல் உண்மையில் வாங்குவதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த வரியை உயிருள்ள வரியாக்கலாம். எத்தனை சாட்சி, எத்தனை வாய்தா, செய்த செலவு என்ன என்று பார்த்து, நீதிபதி ஒரு நியாயமான தொகையை எழுதட்டும். இன்சூரன்ஸ் நிறுவனமோ போக்குவரத்துக் கழகமோ அதை இழப்பீட்டுக்கு மேல் தனியாக வக்கீலின் கணக்கில் செலுத்தட்டும். அதற்கு மேல் கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய் வாங்கினாலும் தவறு என்று இருக்கட்டும். இது வெற்றியில் பங்கு அல்ல, வேலைக்குக் கூலி. தீர்ப்பாயங்களின் நடைமுறைக்கு விதி செய்யும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 176-ஆவது பிரிவில் மாநில அரசிடமே இருக்கிறது, தொடங்க அது போதும்.

வக்கீலே வேண்டாம் என்ற திசையிலும் சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. போலீஸ் தரும் விபத்து அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனம் தானே முன்வந்து தொகை சொல்ல வேண்டும் என்று சட்டமும், 2022 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவும் சொல்கின்றன. முழுசாக நடந்தால் பாதி எம்.சி.ஓ.பி.க்களுக்கு வேலை இருக்காது. நடப்பதற்கு, நிலையத்தில் ஏற்கெனவே வேலை மலையாகக் குவிந்திருக்கும் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் குறித்த நாளுக்குள் விரிவான அறிக்கை எழுதி முடிக்க வேண்டும்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இலவச வக்கீலுக்குத் தகுதியானவர்களின் பட்டியலில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் மூன்று பேருமே வருகிறார்கள், வருமானம் பார்ப்பதில்லை. கையை மில்லில் விட்ட வேடசந்தூர்ப் பெண் மூன்று தகுதியும் ஒருங்கே உடையவர். மாவட்ட ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வக்கீலுக்கு வழக்குக்கு இவ்வளவு என்று அரசு தரும் மதிப்பூதியம் உண்டு, அது சொற்பம். ஈ.எஸ்.ஐ. மருத்துவ மேல்முறையீடுகளுக்கு மட்டுமாவது அந்த மதிப்பூதியத்தைக் கணிசமாக உயர்த்தி, மருத்துவ வாரியத்தின் முடிவைத் தபாலில் அனுப்பும்போதே ஆணைக்குழுவின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தமிழில் அச்சிட்டு அனுப்பினால், அந்தப் பத்து சதவீதத்தைக் கேட்டுப் பார்க்க யாராவது கிளம்புவார்கள். ஈ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்குப் போக மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது.